நூலகத்துக்கு ஆண்டுதோறும் அரசுப் பணம் ஏன் வேண்டும்? சேலம், ஏற்காடு வாசகர்களின் கவனத்துக்கு

சேர்வராயன் அடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் அண்மையில் ஒருவர், நூலகத்துக்கு அரசை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு ஊரில் வசதியுள்ளவர்களிடம் நன்கொடை திரட்டினாலே போதும் என்று பேசினார், பலரும் கைதட்டினார்கள். பேசியவரின் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் இந்த எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டால், சட்டப்படி நமக்குக் கிடைக்க வேண்டியதை நாமே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் மாநில நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் விடாமல் வலியுறுத்தியதன் பயன் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அதைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிக் கொடுத்தார். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு ஒன்று இருக்க வேண்டும், அதற்கென்று தனி நிதி இருக்க வேண்டும், அந்த நிதிக்கு வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்பட வேண்டும் என்பவை அந்தச் சட்டத்தின் உயிர்நாடியான ஏற்பாடுகள். இன்று அந்த வரி ரூபாய்க்குப் பத்து பைசா. மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் அதை வசூலித்து, ஆணைக்குழுவின் கணக்கில் செலுத்தியாக வேண்டும். ஆகவே நூலகம் யாரோ இரக்கப்பட்டு நமக்குத் தருவதல்ல. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதற்கு முன்பணம் செலுத்தியிருக்கிறோம்.

இந்த வரியிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வரி கட்டடத்தின் மதிப்பைப் பின்தொடர்ந்து வருகிறது. சேலம் நகரில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் சொத்து வரி கட்டும் ஒரு வீட்டிலிருந்து நூலகத்துக்கு 600 ரூபாய் வருகிறது என்றால், மலையில் 100 ரூபாய் வீட்டு வரி கட்டும் ஓட்டு வீட்டிலிருந்து 10 ரூபாய்தான் வரும். காப்பித் தோட்டம் எத்தனை ஏக்கர் பரந்து கிடந்தாலும் வீட்டு வரி அங்குள்ள கட்டடத்துக்கு மட்டுமே. ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகள் தங்கள் நூலக வரியை மட்டும் வைத்துக்கொண்டு நூலகம் நடத்த வேண்டியிருந்தால், நாளிதழ் வாங்குவதற்கே அந்தத் தொகை போதாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆணைக்குழு என்ற ஏற்பாடு இருப்பதால் நகரத்தின் வரி மலைக்கும் ஏறுகிறது. அதே தர்க்கத்தை மாநிலம் முழுவதற்கும் நீட்டிப் பாருங்கள்: சென்னைக்குக் கிடைக்கும் வரி வருவாய் பின்தங்கிய ஒரு மாவட்டத்துக்கு ஒருநாளும் கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்பும் ஆற்றல் மாநில அரசின் கருவூலத்துக்கு மட்டுமே உண்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சூரமங்கலம் வாசகர்

ஐயா, நான் மாற்றுக் கருத்தோடுதான் வருகிறேன். எல்லாருடைய கையிலும் கைபேசி இருக்கிறது. நாளிதழ், பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள் எல்லாம் அதிலேயே கிடைக்கின்றன. குடிநீர்க் குழாயும் மலைக் கிராமங்களுக்குப் பேருந்தும் இன்னும் முழுமையாக வராத நிலையில், இருக்கும் பணத்தை நூலகக் கட்டடங்களுக்குக் கொடுப்பது சரியான முன்னுரிமைதானா? படிக்க விரும்புகிறவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்மாபேட்டைக்காரன்

சூரமங்கலம் அண்ணனுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடுகிறது. இரண்டு தறிகள் ஓடும் வீட்டில், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் தறி ஓடினால்தான் கூலி என்பதால், பிள்ளைக்குத் தேர்வு என்று யாரும் அதை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது. அந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குக் கைபேசியில் எவ்வளவு பாடக் குறிப்பு இருந்து என்ன பயன்? அவளுக்கு வேண்டியது சத்தமில்லாத ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, மின்விசிறி, மாலையில் விளக்கு. கட்டணம் கேட்காமலும் ஏன் வந்தாய் என்று கேட்காமலும் இவற்றைத் தருகிற இடம் எங்கள் பகுதியில் நூலகம் ஒன்றுதான். நகரில் இப்போது தனியார் படிப்பறைகள் வந்திருக்கின்றன. மாதக் கட்டணம் கட்டினால் குளிர்சாதன அறையில் இடம் கிடைக்கும். கட்ட முடிந்தவர்கள் போகிறார்கள். மற்றவர்கள் எங்கே போவது என்பதுதான் என் கேள்வி.

படிக்க விரும்புகிறவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப் படித்து முன்னேறியவர்களை மட்டும்தான் நாம் பார்க்கிறோம், அண்ணா. இடமில்லாமல் பாதியில் விட்டவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

மலைப் பள்ளி ஆசிரியை

நான் ஏற்காடு மலையில் பணிபுரிகிறேன். என் வகுப்பில் பெரும்பாலானோர் மலையாளிப் பழங்குடிக் (கேரளத்தவர் அல்லர், இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெற்றோர் இருவரும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கைபேசி பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பையில் அவரோடு போய்விடும். வீட்டில் இருந்தாலும் பல குக்கிராமங்களில் சமிக்ஞை கிடைக்காது. சேலத்து மாவட்ட மைய நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஏற வேண்டும். பள்ளி மாணவிக்கு அது நடக்கிற காரியமா?

எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் நூலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், 2006இலிருந்து ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் கட்டுவதென்று தொடங்கப்பட்ட நூலகங்களில் ஒன்று அது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்பது எவ்வளவு பெரிய கனவு! அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது நடந்திராவிட்டால் இந்தக் கட்டடமும் இருந்திருக்காது. ஆனால் கட்டுவதற்கு ஒதுக்கியதைப் போல, ஆண்டுதோறும் நடத்துவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. பொறுப்பாளருக்கு மாத மதிப்பூதியம் மிகச் சொற்பம். அதுவும் நின்றபோது அவர் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். பிறகு கதவு பூட்டப்பட்டது. சன்னல் வழியாகச் சாரல் அடித்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒருமுறை திறந்து பார்த்தபோது சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தேன். பக்கங்களைப் பிரிக்க முடியவில்லை. அதன் கடைசித் தாளில் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

கட்டடம் இருந்தது, அலமாரி இருந்தது, புத்தகமும் இருந்தது. அடுத்த ஆண்டுக்கான பணம் மட்டும்தான் இல்லை.

ஐந்து ரோடு

அம்மா சொல்வது மனத்தை வருத்துகிறது. ஆனால் அதற்கு அரசுதான் தீர்வு என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? நிறுவனங்கள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பொது நூலகம் அமைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் உருக்காலை முதல் ஜவ்வரிசி ஆலைகள் வரை தொழில்களுக்குக் குறைவில்லை. கேரளத்தைப் பாருங்கள், பி.என்.பணிக்கர் தொடங்கி வைத்த நூலக இயக்கத்தில் ஊர் மக்களே நூலகம் நடத்துகிறார்கள். நாமும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

சேர்வராயன் அடிவாரம்

கேரளத்தை நீங்கள் நினைவூட்டியது நல்லதாயிற்று. அங்கே ஊர் மக்கள் நூலகத்தை நடத்துகிறார்கள் என்பது உண்மை. அந்த உழைப்பைக் கண்டு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 1989இல் அங்கே இயற்றப்பட்ட சட்டமும் கட்டட வரியின் மீது நூலக வரி விதிக்கிறது. நூலகக் கவுன்சில் வழியாக அரசு மானியமும் நூலகங்களுக்குப் போகிறது. மக்கள் பங்கேற்பும் பொதுப் பணமும் கைகோத்து நடப்பதுதான் அங்குள்ள வெற்றி. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் பின்பற்ற முடியாது.

நிறுவனங்களின் பணத்தைப் பற்றி: விதிப்படி அவர்களின் தொடர் திட்டம், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. அவர்கள் கட்டடம் கட்டலாம், கணினி வாங்கித் தரலாம். ஐந்தாம் ஆண்டில் நூலகருக்கு யார் ஊதியம் தருவார்? நன்கொடை வழங்குவதில் உலகப் புகழ் பெற்ற ஆண்ட்ரூ கார்னகியே இதை உணர்ந்திருந்தார். இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்த அவர், கட்டடத்துக்குத் தாம் கொடுக்கும் தொகையில் பத்து விழுக்காட்டை ஆண்டுதோறும் நடத்துவதற்காக உள்ளூர் நிர்வாகம் வரிப்பணத்திலிருந்து ஒதுக்க ஒப்புக்கொண்டால்தான் காசோலை தருவேன் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். அவரே பொதுப் பணம் இல்லாமல் தம் கொடை நிலைக்காது என்று கருதினார்.

பணி ஓய்வு பெற்ற நூலகர்

இந்த இழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சேலம் மாவட்டத்தில் பகுதிநேர நூலகம் முதல் கிளை நூலகம் வரை பணியாற்றியவன் என்ற முறையில், பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்வது என் கடமை. நூலகம் என்றால் புத்தகம் வாங்கும் செலவு மட்டுமே என்று பலரும் எண்ணுகிறார்கள்.

நாளிதழிலிருந்து தொடங்குகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் வருகிறவர்கள் முதியவர்கள்; அவர்கள் வருவது நாளிதழுக்காக. முகவருக்கு மாதந்தோறும் பணம் போய்ச் சேர வேண்டும். ஒதுக்கீடு தாமதமாகும்போது நூலகர்களில் பலர் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்து இதழ் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். இது வெளியில் அதிகம் தெரியாது. அடுத்தது மின்கட்டணம், வாடகை. கிளை நூலகங்களில் சொந்தக் கட்டடம் இல்லாதவை உண்டு. வாடகை நிலுவையானால் உரிமையாளர் காலி செய்யச் சொல்வார், அவர் மீது குற்றமில்லை.

புத்தகத்துக்கு வருவோம். நன்கொடையாக வரும் புத்தகங்களை நான் நன்றியோடு பெற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: மூட்டை மூட்டையாக வருபவற்றில் பெரும்பகுதி பழைய பாடநூல்கள், திருமணத்தில் பரிசாக வந்து பிரிக்கப்படாமல் இருந்தவை, ஒரே நூலின் பல படிகள். நூலகத்துக்கு வருகிற இளைஞன் கேட்பது வேறு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 இறுதியில் வந்த அரசாணை, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியது. அத்தோடு அதற்கு முந்தைய வழிகாட்டி நூல்கள் பலவற்றின் பயன் பெரிதும் குறைந்துவிட்டது. பழைய பதிப்பு அலமாரியில் அழகாகத்தான் நிற்கும், விடைகளில் யாரோ பென்சிலால் குறியிட்டிருப்பார்கள். கொள்முதல் இரண்டு ஆண்டுகள் நின்றால் அந்த இளைஞனுக்கு நூலகம் பயனற்றதாகிறது. மூன்றாம் ஆண்டு அவன் வருவதையே நிறுத்திவிடுகிறான். அதன் பிறகு வாசகர் வருகை குறைந்துவிட்டது, ஆகவே ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்று கோப்பில் எழுதுவது எளிதாகிவிடுகிறது.

கொள்முதல் நின்றால் பாதிப்பு வாசகரோடு முடிவதுமில்லை. தமிழில் கவிதை, வட்டார வரலாறு, அறிவியல் போன்ற நூல்களைச் சில நூறு படிகள் அச்சிட்டு விற்கும் சிறு பதிப்பகங்களுக்கு நூலக ஆணைதான் முதலைத் திரும்பக் கொண்டுவருவது. தமிழ்நாட்டில் நாலாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அரசு முறையாக வாங்கினால் ஒரு நல்ல நூல் வெளிவரத் துணிகிறது. வாங்காவிட்டால் கைப்பிரதியிலேயே தங்கிவிடுகிறது. எந்த நூலை வாங்குவது என்பதில் காலந்தோறும் முறையீடுகள் எழுந்ததுண்டு. அண்மையில் விண்ணப்பமும் தேர்வும் இணையவழிக்கு மாறியிருப்பதை நான் வரவேற்கிறேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நடுவணரசின் இராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை 1972 முதல் மாநிலங்களுக்கு உதவி வருகிறது. அதன் உதவியில் முக்கியமான பகுதி மாநிலம் தன் பங்கைச் செலுத்தினால் அதற்கு ஈடாகத் தருவது. இங்கே நாம் ஒதுக்கத் தவறினால் அங்கிருந்து வர வேண்டியதும் வராது.

கடைசியாக ஊதியம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஊர்ப்புற நூலகர்கள் பட்டம் பெற்று, நூலக அறிவியல் சான்றிதழும் பெற்று, தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதும் பகுப்பெண் இடுவதும் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியவைதான். ஆனால் முதன்முறையாக உள்ளே வந்து வாசலருகே தயங்கி நிற்கும் சிறுமியிடம் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் அடுத்த வாரமும் வருவாள் என்பதை அறிவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். ஆளை மாற்றி மாற்றித் தன்னார்வலர்களைக் கொண்டு அதைச் செய்ய இயலாது.

சூரமங்கலம் வாசகர்

நூலகர் ஐயா, அம்மாபேட்டைத் தம்பி, இருவருக்கும் நன்றி. குடிநீரும் பேருந்தும் முதலில் வர வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் நூலக வரி அதற்கென்றே வசூலிக்கப்படும் பணம் என்பதையும், அதைக் குடிநீருக்குத் திருப்ப முடியாது என்பதையும் இதற்கு முன் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

குகை வாசகி

எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. அரசுப் பணம் வந்தால் அரசின் விருப்பமும் கூடவே வரும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறியதும் 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்ததால்தான் அந்த நூலகம் இன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை என்றால், நம் ஊர்க் கிளை நூலகத்தை யார் காப்பாற்றுவார்கள்?

சேர்வராயன் அடிவாரம்

அம்மா, இந்தக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அந்த நிகழ்வையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அது பொது நூலகமாக இருந்ததால்தான் குடிமக்கள் நீதிமன்றம் போக முடிந்தது. ஒரு தனியார் அறக்கட்டளை தன் படிப்பகத்தை மூடிவிட்டு அங்கே திருமண மண்டபம் கட்டினால், நாம் எந்த வாசலில் போய் முறையிடுவது? அரசின் விருப்பம் புகுந்துவிடக் கூடாது என்பதற்குச் சரியான வழி, பணத்தை மறுப்பதல்ல. அந்தப் பணம் எவருடைய தயவிலும் இல்லாமல் சட்டப்படி வருவதை உறுதிசெய்வது. நூலக வரியைத் தனிக் கணக்காக வைத்தது அந்த நோக்கத்தில்தான். யுனெஸ்கோவின் பொது நூலகக் கொள்கை அறிக்கையும், நூலகம் உள்ளூர், தேசிய நிர்வாகங்களின் பொறுப்பு என்றும் அதற்குத் தனிச் சட்டமும் அரசு நிதியும் வேண்டும் என்றும் சொல்கிறது.

சேலத்துக்கு ஒரு செய்தி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒரு லட்சம் புத்தகங்களோடு இங்கே பெரிய நூலகம் ஒன்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சார வரவேற்கிறேன். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள்தோறும் நிரம்பி வழியும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் நகரத்தில் பெரிய நூலகம் வருவதைக் காரணம் காட்டி, மலையில் ஆசிரியை அம்மா குறிப்பிட்ட அந்தப் பூட்டிய கதவை யாரும் மறந்துவிடக் கூடாது. புதிய நூலகத்துக்கான பணம் கிளை நூலகங்களின் ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்படாமல், தனியே வர வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை

வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரி கட்டுகிறேன். எனக்கு ஒரே கேள்வி. நான் கட்டும் நூலக வரி நூலகத்துக்குப் போய்ச் சேருகிறதா?

பணி ஓய்வு பெற்ற நூலகர்

கேட்க வேண்டிய கேள்வி, ஐயா. வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, செலவிடுவது ஆணைக்குழு. இடையில் தொகை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகத் தங்கிவிடுவது தமிழ்நாடெங்கும் நெடுநாளாக உள்ள குறை. உள்ளாட்சி அமைப்புக்கும் ஊதியம், தெருவிளக்கு, துப்புரவு என்று நெருக்கடிகள் உண்டு. கையில் இருக்கும் பணம் அவற்றுக்குப் போய்விடுகிறது. நிலுவை சேரச் சேர ஆணைக்குழு முதலில் கைவைப்பது புத்தகத்திலும் பராமரிப்பிலும்தான், ஏனென்றால் ஊதியத்தை நிறுத்த முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நூலக வரியின் கேட்பு (வசூலாக வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். கேட்பு என்ன, வசூலானது என்ன, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது என்ன, எந்தத் தேதியில் செலுத்தியது என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாவதைக் கேட்க மறந்துவிட்டால், வசூல் கணக்கை மட்டும் கொடுத்துவிடுவார்கள்.

மலைப் பள்ளி ஆசிரியை

கிராம சபையில் வைப்பதற்காக ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் திருத்தித் தரவும்.

"நமது ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் நூலகத்தைப் பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமாக ஏற்றுக்கொள்ளவும், அதற்கு நூலகர் ஒருவரை நியமிக்கவும், ஆண்டுதோறும் நாளிதழுக்கும் நூல்களுக்கும் மின்கட்டணத்துக்கும் நிதி ஒதுக்கவும் மாநில அரசையும் மாவட்ட நூலக ஆணைக்குழுவையும் இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

பணி ஓய்வு பெற்ற நூலகர்

நன்றாக இருக்கிறது, அம்மா. கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தமானது என்பதால், அதை நூலகப் பயன்பாட்டுக்கு வாடகையின்றி ஒப்படைக்க ஊராட்சி இசைகிறது என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோப்பு அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வரும். நூறு பேருக்குக் குறையாமல் உறுப்பினராகச் சேரத் தயார் என்ற கையெழுத்துப் பட்டியலும், ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர முன்வருவோர் சிலரின் பெயர்களும் இணைப்பில் இருந்தால், அதிகாரிகள் மறுப்பது கடினம்.

ஐந்து ரோடு

புரவலர் பட்டியலில் என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. தகவல் கேட்கும் விண்ணப்பத்தை நகரத்துக்கு நானும் செவ்வாய்ப்பேட்டை ஐயாவும் சேர்ந்து அனுப்புகிறோம். பதில் வந்ததும் இதே இழையில் பதிவிடுகிறோம்.